நவம்பரில் தாலினா, ரீகாவா, வில்னியஸா?

"விளக்கு வெச்சுட்டாங்களே, மணி ஏழாச்சா?" என்று அம்மா கேட்டபோது தாலின் நகர மன்றச் சதுக்கத்தில் மணி நான்குகூட ஆகவில்லை. நான்கு மாதக் குழந்தையின் தள்ளுவண்டியை உருண்டைக் கல் பாவிய தரையில் பாதி உருட்டியும் பாதி தூக்கியும் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மணியைச் சொன்னேன். அம்மா நம்பாமல் என் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப ராத்திரி வரைக்கும் இனிமே என்ன பண்றது?" என்றார்.

பேறுகாலம் பார்க்க ஹெல்சின்கி வந்திருந்தார் அம்மா. ஊர் திரும்புவதற்குள் எங்காவது ஒரு இடம் காட்டிவிட வேண்டும் என்று கப்பல் ஏறினோம். ஹெல்சின்கியிலிருந்து தாலினுக்கு இரண்டு மணி நேரம்தான். எங்கள் பக்கத்து ஊர் மாதிரி. ஆனால் நான் அதற்குமுன் போனதெல்லாம் கோடையில்.

போன வாரம் மியூனிக்கிலிருந்து சித்தி மகன் கேட்டான்: "அக்கா, நவம்பர்ல நாலு நாள் லீவு போடலாம்னு இருக்கேன். தாலினா, ரீகாவா, வில்னியஸா? எது அழகு?"

தாலின் எஸ்தோனியாவின் தலைநகரம், ரீகா லாத்வியாவுடையது, வில்னியஸ் லிதுவேனியாவுடையது. எது அழகு என்பது மே மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வி. நவம்பருக்கு அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. மூன்று ஊரிலும் நவம்பரைப் பார்த்தவள் என்பதால் தம்பிக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதலில், எதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்று சொல்லிவிடுகிறேன். மூன்றுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரங்கள். வில்னியஸ் 1994இலும், ரீகாவும் தாலினும் 1997இலும் சேர்ந்தன. மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா. மூன்றிலும் யூரோ. தாலினில் அறை, சாப்பாடு எல்லாம் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சுற்றுலாப் பருவம் முடிந்த மாதத்தில் அது பெரிய வித்தியாசமாக உறைக்காது. குளிரும் ஏறத்தாழ ஒன்றுதான்: பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே, பனியாகவும் விழாமல் மழையாகவும் பெய்யாமல் முகத்தில் ஒட்டுகிற ஒரு ஈரம்.

வேறுபடுவது வெளிச்சம். நவம்பர் 1இல் வில்னியஸில் ஏழேகாலைத் தாண்டி விடிந்து, நாலே முக்காலுக்கு அஸ்தமனம். நவம்பர் 18இல் ரீகாவில் எட்டு மணிக்குமேல் விடிந்து நாலு மணி அளவில் முடிந்துவிடும். நவம்பர் 25இல் தாலினில் எட்டே முக்காலுக்கு விடிவதும் மூன்றரைக்கு இருட்டுவதும்தான் கணக்கு. ஒன்பதரை மணி நேரப் பகல் ஏழு மணி நேரமாகிவிடுகிறது. வடக்கே போகப்போகக் குறைவது ஒரு பக்கம். அதே மாதத்துக்குள் தேதி நகர நகரக் குறைவது இன்னொரு பக்கம். இதில் சூரியன் என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலான நாட்களில் சாம்பல் மேகம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த மூன்று ஊர்க்காரர்களும் இந்த இருட்டோடு பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் நாட்கள் ஒவ்வொரு ஊரிலும் வேறு. அதனால் என் யோசனை இது: முதலில் விடுமுறைத் தேதியைச் சொல்லுங்கள், ஊரை அப்புறம் பார்ப்போம்.

மாதத்தின் முதல் இரண்டு நாட்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வில்னியஸ். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் தினம், 2 இறந்தோர் நினைவு நாள், லிதுவேனிய மொழியில் 'வேலினேஸ்'. இரண்டுமே அங்கே அரசு விடுமுறை. ஊர் முழுக்கக் கல்லறைக்குப் போகும். கல்லறைக்குச் சுற்றுலாவா என்று என் கணவர் முகம் சுளித்தார். போய் வந்தபின் அதைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்.

ராசோஸ் கல்லறை 1801இல் தொடங்கியது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சமதளமாக இருக்காது, மேடும் பள்ளமுமாக, மரங்களுக்கு நடுவே, சாய்ந்தும் பாசி படிந்தும் நிற்கும் சிலுவைகள். வாசலில் வரிசையாகப் பூக்கடைகள், அத்தனையிலும் செவ்வந்தி. நம்மூரில் சாமிக்கும் தலைக்கும் போகும் அதே பூ அங்கே கல்லறைக்கு உரியது. யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகும்போது வாங்கிப் போய்விடாதீர்கள். எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு உண்டு. உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது நாலரை மணி. கண்ணாடிக் குவளைகளில் மெழுகுவர்த்திகள், சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக. கூட்டம் இருந்தது, இரைச்சல் இல்லை. ஒரு பாட்டி தன் குடும்பக் கல்லறையில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் யாரும் வராத, பெயர் அழிந்துபோன ஒரு கல்லின் முன்னும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். வாசலருகே உள்ள படைவீரர் கல்லறைகளுக்கு நடுவே கருங்கல் பலகை ஒன்று. போலந்தின் தலைவராக இருந்த பில்சுட்ஸ்கியின் இதயம் அவருடைய தாயாரோடு அங்கே புதைக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயர் அதில் கிடையாது. 'தாயும் மகனின் இதயமும்' என்று போலிஷ் மொழியில் மட்டும் எழுதியிருக்கிறது. லிதுவேனியாவும் போலந்தும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்ட கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கல்லைச் சுற்றி எரியும் விளக்குகள் இன்னும் கொஞ்சம் பேசும். சற்றுத் தள்ளி ஓவியரும் இசையமைப்பாளருமான சியூர்லியோனிஸ்.

கூட வந்த கணவரின் சக ஊழியர் புகையைக் காட்டி லிதுவேனிய மொழியில் 'தூமாய்' என்றார். தீ, 'உக்னிஸ்'. தூமமும் அக்னியும் எங்கே வந்து நிற்கின்றன பாருங்கள்! சமஸ்கிருதத்துக்கும் அந்த மொழிக்கும் உள்ள உறவைப் படித்திருந்தேன். மெழுகுப் புகை கண்ணைக் கரிக்கும்போது கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது.

வில்னியஸின் குறையையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளும் பல கடைகளும் சில அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். ரொட்டி, பால் முந்தைய நாளே வாங்கி வையுங்கள். விடுமுறை முடிந்ததும் ஊர் சட்டென்று ஒரு சாதாரண ஈர நவம்பருக்குள் போய்விடுகிறது. தேவாலயங்கள் உண்டு. புனித பேதுரு, பவுல் தேவாலயத்துக்குள் இரண்டாயிரம் போலச் சுதைச் சிற்பங்கள், வெள்ளையிலும் வெள்ளையாக. ஆனால் அந்த வெள்ளைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், அதனால் காலையில் போங்கள். ஒரு பகல் மீந்தால் 28 கிலோமீட்டர் தள்ளி டிராகாய். ஏரி நடுவே செங்கல் கோட்டை, மூடுபனியில் கோட்டை தெரிகிறதா இல்லையா என்பது அன்றைய அதிர்ஷ்டம். அங்கே கராயிம் என்ற சிறுபான்மை மக்கள் சுடும் கிபினாய் நம்முடைய சோமாசிக்கு அண்ணன். உள்ளே பெரும்பாலும் ஆட்டிறைச்சி.

நவம்பர் 11இலிருந்து 18 வரை என்றால் ரீகா. 11 மாலை லாச்ப்லேசிஸ் தினம். 1919இல் பெர்மொன்ட் என்பவர் தலைமையில் வந்த ஜெர்மன்-ரஷ்யப் படையை ரீகாவிலிருந்து விரட்டியதன் நினைவு. மக்கள் டவுகவா ஆற்றங்கரையில் உள்ள ரீகா கோட்டையின் மதில் அடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். வரிசையில் நின்று, ஒன்றை ஏற்றி, மதில் இடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குழந்தைகள் காற்றில் அணைந்ததை மறுபடி ஏற்றுவதையே வேலையாக வைத்துக்கொண்டு அலையும். நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மா, "அங்கயும் கார்த்திகையா?" என்று கேட்டார். 18ஆம் தேதி 1918இன் சுதந்திரப் பிரகடன நாள். இரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. அதை ஒட்டிய நாட்களில் 'ஸ்டாரோ ரீகா' என்ற ஒளி விழாவும் நடக்கும், 2008இலிருந்து. கட்டடங்களின் முகப்பில், பாலங்களில், பூங்காக்களில் ஒளியால் செய்த வேலைகள். அந்த வாரம் அறை வாடகை ஏறும் என்பதையும், ஆற்றங்கரைக் காற்று காதைக் கழற்றும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா இல்லாவிட்டாலும் ரீகாவுக்கு ஒரு பலம் உண்டு, கூரை. மழையில் ஒரு முழு நாளைக் கழிக்க இந்த மூன்றில் எது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். காரணம் மத்தியச் சந்தை. 1930இல் திறந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் மேற்கு லாத்வியாவின் குர்செமே பகுதியில் விட்டுப்போன ஆகாயக் கப்பல் கொட்டகைகளின் மேற்பகுதிகளைக் கொண்டுவந்து, ஐந்து பெரிய வளைகூரை மண்டபங்களாகக் கட்டினார்கள். இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று.

நான் போனது அலுவலக வேலையாக. இரண்டு நாள் கூட்டம், அதோடு ஒட்டிய சனி, ஞாயிறு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனவள் பன்னிரண்டரைக்கு வெளியே வந்தேன். மீன் மண்டபத்தில் புகையூட்டிய மீன்கள் தங்க நிறத்தில் அடுக்கடுக்காக. லாம்ப்ரே என்கிற பாம்பு மாதிரி உடம்பும் வட்டவாயும் உள்ள ஒரு ஜந்துவை வாட்டி, அதன் சாற்றிலேயே உறையவைத்து விற்கிறார்கள். இலையுதிர் காலம்தான் அதற்குப் பருவம். எனக்குத் தைரியம் வரவில்லை. ஊறுகாய்ப் பகுதியில் தைரியம் வந்தது. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் வாளி வாளியாக, கேரட் சேர்த்தது, சீரகம் மாதிரி ஒரு விதை சேர்த்தது, பீட்ரூட்டில் ஊறிச் சிவந்த பூண்டு. விற்கிற அம்மாள் முள்கரண்டியில் ஒரு கொத்து எடுத்து நீட்டுவார்; ருசி பார்க்காமல் நகரவிட மாட்டார். வெந்தயமும் நல்லெண்ணெயும் இல்லாத ஊறுகாயை நான் ஊறுகாய் என்று ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் அந்தப் பூண்டில் இரண்டு டப்பா வாங்கிவந்தேன். சணல் விதையை அரைத்த ஒரு வெண்ணெய் உண்டு. கறுப்பு ரை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் எள்ளுப்பொடி ஞாபகம் வரும்.

இருட்டியபின் ரீகாவில் செய்ய இன்னொன்று, கறுப்பு பால்சம். 1752இல் மருந்துக் கடைக்காரர் ஒருவர் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் மூலிகை மது, 24 சரக்குகள், 45 சதவீத ஆல்கஹால். தனியாகக் குடித்தால் தீபாவளி லேகியத்தை ஸ்பிரிட்டில் கரைத்த மாதிரி இருக்கும். கருந்திராட்சை போன்ற ஒரு பழத்தின் சாற்றைச் சூடாக்கி அதில் கலந்து தருவார்கள், அதைக் கேளுங்கள். மது வேண்டாதவர்களுக்குக் கடல் முள்பழத் தேநீர். ஆரஞ்சு நிறம், நெல்லிக்காய்ப் புளிப்பு.

ஆர்ட் நூவோ என்கிற, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அலங்காரப் பாணிக் கட்டடங்களுக்குத்தான் ரீகா பேர்போனது. நகர மையத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பாணி என்கிறார்கள். ஆல்பெர்டா தெருவில் மிகைல் ஐசன்ஸ்டைன், சினிமா இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனின் அப்பா, 1900களின் தொடக்கத்தில் கட்டிய வீடுகள் வரிசையாக. வாயைப் பிளந்து அலறும் முகங்கள், சிங்கங்கள், ஸ்பிங்க்ஸ்கள். சாம்பல் வானத்தின் கீழே அந்த முகங்கள் கோடையைவிடப் பொருத்தமாக இருக்கின்றன. கழுத்து வலித்தால் 12ஆம் எண் வீட்டுக்குள் போய் அந்தச் சுழல் படிக்கட்டைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். கழுத்து இன்னும் வலிக்கும். கருந்தலையர் என்ற பழைய வணிகர் சங்கத்தின் மாளிகையைப் பற்றி, "அது 1999இல் திரும்பக் கட்டினது, ஒரிஜினல் இல்லை" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். 1941இல் குண்டில் சிதைந்து, 1948இல் மிச்சமும் இடிக்கப்பட்டதை ஒரு ஊர் பிடிவாதமாகத் திரும்பக் கட்டியிருக்கிறது. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

இனி தாலின். மூன்றில் அழகு இதுதான், சந்தேகமே இல்லை. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மதில் இன்னும் நிற்கிறது, கோபுரங்களோடு. 1404இல் முடிந்த நகர மன்றம், 1422இலேயே பதிவேட்டில் இருக்கும் மருந்துக்கடை. ஆனால் அந்த அழகு முழுக்க வெளியே இருக்கிறது. நடந்து, ஏறி, எட்டிப்பார்க்க வேண்டிய ஊர். நவம்பர் அதிகமாகத் தண்டிப்பதும் அதனால் இந்த ஊரைத்தான். மேல் ஊரான தூம்பேயாவுக்கு இரண்டு வழி: நெட்டைக் கால், குட்டைக் கால் என்று தெருக்களுக்கே பெயர். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால் தாலின் நொண்டி நடக்கும் என்று ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். நாங்களும் நொண்டினோம். ஈரமான உருண்டைக் கல், தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், அம்மாவின் முழங்கால். மேலே போய்ச் சேர்ந்தபோது கோஹ்துஓட்சா காட்சி மேடையிலிருந்து தெரிந்தது மேகம். அந்த நகரத்தின் சிவப்புக் கூரைகளை அம்மா காந்தப் படத்தில்தான் பார்த்தார். குளிர்பெட்டியில் ஒட்ட வாங்கினோம்.

அன்று எங்களைக் காப்பாற்றியது லென்னுசாதம், கடல்விமான நிலையமாக இருந்த அருங்காட்சியகம். முதல் உலகப் போரின்போது கட்டிய கான்கிரீட் குவிமாடங்கள், நடுவே ஒரு தூண் கிடையாது. சமதளம், மின்தூக்கி, வெதுவெதுப்பு. உள்ளே 1936இல் பிரிட்டனில் கட்டிய லெம்பிட் நீர்மூழ்கி. அம்மா முழங்காலை மறந்து ஏணியில் இறங்கிவிட்டார். "இவ்வளவு சின்ன அடுப்படியில எத்தனை பேருக்குச் சமைச்சாங்க?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

தாலினில் நவம்பருக்கென்றே இருக்கிற ஒன்று நிகுலிஸ்தே தேவாலயத்தில் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். பெர்ன்ட் நோட்கே பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த 'மரண நடனம்', ஏழரை மீட்டர் நீளத் துண்டு மட்டும் மிச்சம். வெள்ளைத் துணி போர்த்திய எலும்புக்கூடு போப்பின் கையைப் பிடிக்கிறது, அடுத்து பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர். எல்லோரும் பட்டும் நகையுமாக, வர மனமில்லாமல். எஸ்தோனியர்கள் இந்த மாதத்தை 'ஹிங்கெதெஆஏக்' என்பார்கள், ஆவிகளின் காலம். செத்தவர்கள் வீட்டுக்கு வருவதால் சத்தம் போடக் கூடாது என்பது பழைய வழக்கம். அந்த ஓவியத்தின் முன் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. கோடையில் அங்கே அப்படி நிற்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆனாலும் தாலினுக்குப் போவதென்றால் மாதக் கடைசிக்கு ஒதுக்குங்கள். நவம்பர் பிற்பாதியில் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தையும் மரமும் வந்துவிடும். மூன்றரைக்கு இருட்டுவது அப்போது குறையாகவே தெரியாது. விளக்குகளுக்குச் சீக்கிரம் வழி விட்ட மாதிரி இருக்கும். உலகத்தின் முதல் பொது இடத்துக் கிறிஸ்துமஸ் மரத்தை 1441இல் இங்கே கருந்தலையர் சங்கத்து வணிகர்கள் வைத்தார்கள் என்று தாலின் சொல்லும். இல்லை, 1510இல் எங்கள் கருந்தலையர்கள்தான் என்று ரீகா சொல்லும். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கே தலையாட்டிவிடுங்கள். சினிமாப் பைத்தியங்களுக்கு அதே மாதம் 'கறுப்பு இரவுகள்' திரைப்பட விழாவும் நடக்கிறது, 1997இலிருந்து.

ஒலெவிஸ்தே கோபுரம் ஏறும் ஆசையை விட்டுவிடுங்கள், அது குளிர்காலத்தில் பொதுவாக மூடியிருக்கும். அந்த ஆசைக்கு ரீகாவின் புனித பேதுரு கோபுரம் தேவலை. மின்தூக்கியில் 72 மீட்டர் உயரம்வரை போகலாம். மூன்றரைக்கு ஏறி நின்றால் ஊர் இருட்டி விளக்கேறுவதை மேலிருந்து பார்க்கலாம்.

மரக்கறிக்காரர்களுக்கு மூன்று ஊரும் பட்டினி போடாது. உருளைக்கிழங்கு அடை, காளான் சூப், பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டி எங்கும் உண்டு. வில்னியஸின் செப்பெலினாய் என்கிற பெரிய உருளைக்கிழங்கு உருண்டையில் தயிர்க்கட்டி வைத்ததும் கிடைக்கும். ஆனால் மேலே ஊற்றும் சாற்றில் பன்றிக்கொழுப்பு இருக்கும், அது வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

நாலு நாளில் மூன்று ஊரையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தாலினிலிருந்து ரீகாவுக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம், ரீகாவிலிருந்து வில்னியஸுக்கு நான்கு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஏழெட்டு மணி நேரப் பகல்தான். இரண்டு ஊர் என்றால் சரி, அதுவும் பேருந்தை மாலை ஐந்துக்குப் பிறகு போடுங்கள். ஜன்னலில் எப்படியும் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, ஹெல்குர். எஸ்தோனியாவில் இருட்டில் சாலையில் நடப்பவர்கள் ஒளி பிரதிபலிக்கும் வில்லை அணிய வேண்டும், சட்டமே உண்டு. கயிறும் ஊக்குமாகக் கடைகளில் தொங்கும். அம்மா கோட்டில் ஆந்தை ஒன்றைக் குத்திக்கொண்டார், பிறகு பத்து வாங்கினார். ஊரில் எங்கள் வீட்டுப் பக்கம் தெருவிளக்கு எரியாது என்பது காரணம். இப்போது ஊரில் அத்தைகள் எல்லாம் ஆந்தையும் முள்ளம்பன்றியுமாக வாக்கிங் போகிறார்கள்.

இவ்வளவையும் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அக்கா, லீவு 5லேர்ந்து 8 வரைக்கும்தான் குடுத்தாங்க." வில்னியஸின் விளக்கு அணைந்து, ரீகாவின் விளக்கு ஏற்றாத நாட்கள். மூன்று ஊரிலும் அறை மலிவாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. ரீகாவுக்குப் போகச் சொன்னேன், சந்தைக் கூரை தேதி பார்க்காது. முடிந்தால் மேலாளரிடம் மூன்று நாள் தள்ளிக் கேட்டுப் பார்க்கவும் சொன்னேன், 11ஆம் தேதி மாலை அந்த மதிலடியில் நிற்கலாம். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். அதற்குள், அடிப்பாகம் வழுக்காத, தண்ணீர் புகாத ஷூவாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். பீட்ரூட் பூண்டு எனக்கு இரண்டு டப்பா.